கிஷ் தீவில் ஒரு வெள்ளிக்கிழமை

மே மாதத்தில் துபாயில் உட்கார்ந்துகொண்டு, சுற்றுலா போக நல்ல வெயிலான இடமாகத் தேடிய ஒரே குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். வெயிலுக்கு அங்கே என்ன பஞ்சமா? காலையில் பால்கனியில் போட்ட துணி, அம்மா பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அப்பளமாக விறைத்துக் கிடக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து இன்னொரு வெயிலைத் தேடிப் போனோம். அதிலும் போகிற இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். அப்படித்தான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது. மூன்றாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கையோடு, பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து அம்மாவும் நானும் அப்பாவைப் பார்க்க வந்திருந்தோம். அப்பா ஒரு கட்டடக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். குடும்பத்தை நிரந்தரமாகக் கூட வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவர்களுக்கு, அந்த நாடு பெண்டாட்டி பிள்ளைகளைத் தவணை முறையில்தான் கொடுக்கும். எங்களுக்குக் கிடைத்தது முப்பது நாள் விசா. அதற்காக அப்பா கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்பில் இருந்த தன் கட்டிலை விட்டுவிட்டு, பர் துபாயில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்திருக்கும் ஒரு ஃபிளாட்டில் ஓர் அறையை எடுத்திருந்தார். அடுத்த அறையில் மன்னார்குடி ஆன்ட்டியும் அவர் வீட்டுக்காரரும். சமையலறை பொது.

முப்பது நாளில் நாங்கள் அப்பாவை முழுசாகப் பார்த்தது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். மற்ற நாட்களில் நான் எழுவதற்கு முன்பே கம்பெனி பஸ் அவரைக் கொண்டுபோய்விடும். இருட்டிய பிறகு கொண்டுவந்து போடும். வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு அவர் இஸ்திரி போட்ட நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஊருக்கு நடுவே புகுந்து கிடக்கும் கடற்கழியில் அம்மாவையும் என்னையும் படகில் ஏற்றி அக்கரைக்கு அழைத்துப்போவார். பிறகு அதே படகில் இக்கரைக்கு. சும்மாதான். இறங்கினால் மறுபடியும் ஏறுவோம்.

முப்பது நாள் முடியப்போகிறது, பள்ளிக்கூடம் திறக்கவோ இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது. விசா தீர்ந்தால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஆனால் வெளியே போய் நின்றுகொண்டு, புது விசா வந்ததும் திரும்ப உள்ளே வரலாம். இதற்காகவே வாய்த்தது போல, கடலுக்கு அந்தப் பக்கம் அரை மணி நேர விமான தூரத்தில் ஈரானின் கிஷ் தீவு இருந்தது. அங்கே போக முன்கூட்டி விசா வாங்க வேண்டாம். வேலை தேடி வந்தவர்கள், வேலை மாறுகிறவர்கள், எங்களைப் போல ஒட்டிக்கொண்டிருக்கப் பார்க்கிறவர்கள் எல்லாரும் அங்கே போய்க் காத்துக் கிடப்பார்கள். புது விசா வந்தால் துபாய். வரவில்லையென்றால் அங்கிருந்தே ஊர். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பா சொன்னது வேறு. ஒருநாள் டிராவல்ஸ் கடையிலிருந்து இரண்டு வண்ணத்தாள்களைக் கொண்டுவந்து கட்டிலில் பரப்பினார்.

“பாப்பா, நீயும் அம்மாவும் டூர் போகப்போறீங்க. எந்த ஊருன்னு நீதான் சொல்லணும்.”

ஒன்றில் பனிமலை. இன்னொன்றில் நீலக்கடல், வெள்ளை மணல், தண்ணீருக்கு மேலே துள்ளும் டால்ஃபின். நான் சட்டென்று பனிமலையைத் தொட்டுவிட்டேன். அப்பாவின் முகம் ஒரு நிமிஷம் மாறிவிட்டது. பாவம், அவர் எதிர்பார்க்கவில்லை.

“போகலாமே,” என்றார். “ஆனா அங்க ஸ்வெட்டர் போட்டுக்கணும். ஸ்வெட்டர் போட்டா உன் புது கவுன் வெளிய தெரியாதே?”

அடடா, அது பெரிய பிரச்சினைதானே! நான் டால்ஃபினுக்கு மாறினேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு. அப்புறம் மாத்தச் சொல்லக் கூடாது.”

“யோசிச்சிட்டேன்ப்பா. வெயில் ஊருக்கே போறோம்.”

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன்.

“நீங்க வரலையா?” என்று கேட்டேன்.

“எனக்கு லீவு கிடையாது பாப்பா. ஞாயித்துக்கிழமை போனீங்கன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுவீங்க. வெள்ளிக்கிழமை நாம மூணு பேரும் படகுல போவோம்.”

கிஷ்ஷில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே அம்மாவின் தலையில் ஒரு கறுப்புத் துணியைச் சுற்றிவிட்டார்கள். ஈரானில் பெண்கள் தலையை மூட வேண்டுமாம். சேலை, நெற்றியில் குங்குமம், அதற்கு மேல் கறுப்புத் துணி. “உங்க அப்பா பாத்தா அடையாளமே தெரியாது போ” என்றாள். அதுதான் அங்கே அவள் அடித்த முதல் ஜோக். வெள்ளிக்கிழமை வரைக்கும் கடைசி ஜோக்கும் அதுதான்.

டூர் என்றால் என்ன நினைப்போம்? எங்கள் டூர் முழுக்க ஒரு ஹோட்டல் கூடத்தில் நடந்தது. அறைக்கு நான்கு பெண்கள். எங்கள் அறையில் ஒரு பிலிப்பைன்ஸ் அக்கா. வந்து இருபது நாளாகியும் அவருக்கு விசா வரவில்லை. கடல் தெருக்கோடியில்தான் இருந்தது. ஜன்னலில் எக்கிப் பார்த்தால் ஒரு நீலத் துண்டு தெரியும். ஆனால் அம்மா ஹோட்டல் வாசலைத் தாண்ட மாட்டேன் என்றுவிட்டாள்.

“நாம அங்குட்டுப் போனப்ப இங்க பேரு வந்துட்டா?”

பெயர் வருவது என்பது இதுதான்: துபாயிலிருந்து விசா ஃபேக்ஸில் வரும். யார் யாருக்கு வந்திருக்கிறதோ அவர்கள் பெயரை ஒரு தாளில் எழுதி வரவேற்பு மேஜைக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டுவார்கள். ஒட்டியவுடன் அத்தனை ஆம்பிளைகளும் ஈ மொய்ப்பது போல மொய்த்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு அந்தக் கூட்டத்தில் இடித்துக்கொண்டு நிற்கக் கூச்சம். அதனால் என்னை அனுப்புவாள். நான் கால்களுக்கு நடுவே புகுந்து, அம்மா பெயரையும் அதற்குக் கீழே என் பெயரையும் தேடுவேன். இல்லை என்று வந்து சொன்னால், “நல்லாப் பாத்தியாடி?” என்பாள். மறுபடியும் புகுவேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை பலகை, இரண்டிரண்டு தடவை புகுதல்.

புதன்கிழமை எதிர் அறையில் ஒரு மலையாளத்து அம்மாவுக்கு விசா இல்லை என்று பதில் வந்தது. அவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. நான் அவள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். எனக்கு இருந்த ஒரே கவலை டால்ஃபின். நான் தேர்ந்தெடுத்த ஊர்! வந்து நாலு நாளாகிறது, கால்கூட நனையவில்லை. அப்போதுதான் பிலிப்பைன்ஸ் அக்கா என் கன்னத்தைத் தட்டி, அவருக்கும் எனக்கும் பொதுவான நாலு இங்கிலீஷ் வார்த்தைகளில் சொன்னார்: வெள்ளிக்கிழமை துபாயில் ஆபீஸ் கிடையாது, விசா வராது, அதனால் வெள்ளிக்கிழமை எல்லாரும் கடலுக்குப் போவோம், நீயும் அம்மாவும் வாருங்கள்.

வியாழக்கிழமை காலையில் தாள் ஒட்டினார்கள். புகுந்தேன். ஏழாவது வரியில் அம்மா பெயர். எட்டாவது வரியில் நான்.

ஆம்பிளைகளின் கால்களுக்கு நடுவில் நின்றபடியே கணக்குப் போட்டேன். பெயர் வந்துவிட்டது என்றால் உடனே விமானம். வரவில்லை என்றால் நாளைக்குக் கடல். நான் வெளியே வந்து, “இல்லம்மா” என்றேன்.

“நல்லாப் பாத்தியாடி?”

மறுபடியும் புகுந்தேன். ஏழாவது வரியையும் எட்டாவது வரியையும் நன்றாகவே பார்த்தேன். வெளியே வந்து, “நல்லாப் பாத்துட்டேன். இல்ல” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் இரண்டு பூசணிக்காயை மறைத்தேன்.

அம்மா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கறுப்புத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என்ன தோன்றியதோ, பெரிய மூச்சு ஒன்றை விட்டு, “போடி, வர்றப்ப வரட்டும். நாளைக்குக் கடலுக்குப் போவோம்” என்றாள்.

பெண்களுக்கென்று தனியாகச் சுவர் எழுப்பிய கடற்கரை அங்கே இருந்தது. உள்ளே போனதும் எல்லாரும் தலைத்துணியைக் கழற்றி எறிந்தார்கள். அம்மா நைட்டியோடு கரையில் நின்று, “ஐயோ, எனக்கு வேணாம், நான் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று பின்வாங்கினாள். பிலிப்பைன்ஸ் அக்கா அவள் கையைப் பிடித்து இழுத்தார். முழங்கால், இடுப்பு, அப்புறம் ஓர் அலை வந்து ஆளையே முக்கி எடுத்தது. எழுந்து நின்ற அம்மா, மூக்கில் போன உப்புத் தண்ணீரைச் சீந்திவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. குடும்பத்தில் மூத்த மருமகள் அவள். வீட்டில் சத்தம் போட்டுச் சிரித்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “ஏய், இன்னொரு அலை வருது, பிடிச்சுக்கடி!” என்று கத்தினாள். நாங்கள் மத்தியானம் வரை வெளியே வரவில்லை. டால்ஃபின் கண்ணில் படவேயில்லை. எனக்கு அது ஞாபகமும் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் நல்ல பிள்ளையாகப் பலகைக்குப் போய், “அம்மா, வந்துடுச்சு!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தேன். அம்மா என்னை அள்ளி முத்தம் கொடுத்தாள். எனக்கு அதை வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டேன். மேஜையில் இருந்தவர் ஃபேக்ஸ் தாளைக் கொடுத்தபடி, இது முந்தாநாளே வந்துவிட்டதே, ஏன் போகவில்லை என்று இங்கிலீஷில் கேட்டார்.

“என்னடி சொல்றாரு?”

“சீக்கிரம் கெளம்பச் சொல்றாரும்மா.”

துபாய் விமான நிலையத்தில் அப்பா தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சவரம் செய்யாத முகம். அதே நீலச் சட்டை, ஆனால் சுருட்டி வைத்து எடுத்தது போலக் கசங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் கையை ஆட்டக்கூட இல்லை. அம்மா பக்கத்தில் வந்ததும் அவள் தோளைத் தொட்டார், என் தலையைத் தொட்டார், மறுபடி அவள் தோளைத் தொட்டார். எங்கள் குடும்பத்தில் பொது இடத்தில் இதெல்லாம் கிடையாது.

“என்ன ஆச்சு? ஏன் லேட்டு?”

“இன்னிக்குக் காலைலதாங்க பேரு போட்டாங்க. போட்ட உடனே கெளம்பிட்டோம்.”

அப்பா அம்மா கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். தாளின் உச்சியில், அது வந்த கிழமையையும் நேரத்தையும் மெஷினே பொடி எழுத்தில் அடித்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஸ்டோரில் நாள் முழுக்க ஃபேக்ஸ் பார்க்கிற அவருக்குத் தெரியும். தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

“அந்த ஹோட்டல் மெஷின்ல ஏதோ கோளாறு போல,” என்று சொல்லித் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அம்மாவிடம், “கடல் எப்படி இருந்துச்சு?” என்றார்.

அவ்வளவுதான், அம்மா ஆரம்பித்துவிட்டாள். டாக்ஸியில் வீடு வரும்வரை அலை, உப்பு, மூக்கு, பிலிப்பைன்ஸ் அக்கா என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து முழுசாகத் திரும்பிக்கொண்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். எங்களை வீட்டில் விட்டதும் அதே டாக்ஸியில் டியூட்டிக்குப் போய்விட்டார்.

சமையலறையில் எனக்குத் தோசை ஊற்றிக்கொண்டே மன்னார்குடி ஆன்ட்டி சொன்னார்: “விசா அனுப்பியாச்சு, வியாழக்கிழமையே வந்துடுவாங்கன்னு உங்கப்பா அன்னிக்குச் சாயந்திரமே ஏர்போர்ட் போயிட்டாரு. நேத்து லீவு நாளு பூரா அங்கதான். கிஷ்லேர்ந்து வர்ற ஒவ்வொரு ஃபிளைட்டா பாத்திருக்காரு. ஹோட்டலுக்குப் போன் போட்டா லைனே கெடைக்கல. திருப்பி அனுப்பிட்டாங்களோன்னு மனுஷன் பச்சத்தண்ணி குடிக்கல. இன்னிக்கும் விடியறதுக்குள்ள எந்திரிச்சு அதே சட்டைய மாட்டிக்கிட்டு ஓடுனாரு.”

பக்கத்து அடுப்பில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். நான் தோசையைத் தின்றுகொண்டே யோசித்தேன். ஏர்போர்ட்டில் குளுகுளுவென்று ஏசி. ஏறி ஏறி இறங்க நகரும் படிக்கட்டு. கண்ணாடிக்கு வெளியே எத்தனை விமானம்! ஒரு நாள் முழுக்க! எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

சாயந்திரம் அப்பா வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் முன்னால் போய் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

“ஏம்ப்பா, நீங்க மட்டும் தனியாப் போயி ஏர்போர்ட்ல ஜாலியா இருந்துட்டு வந்திருக்கீங்க. அடுத்த தடவை என்னையும் கூட்டிட்டுப் போகணும்.”

அப்பா ஒரு கையில் ஷூவோடு என்னை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். “சரி பாப்பா,” என்றார். “அடுத்த தடவை சேர்ந்தே இருப்போம்.”