அந்துப்பூச்சிகள் தேடி வந்த ஸ்வெட்டர்

மாலையானால் அவருடைய சாம்பல் நிற ஸ்வெட்டரில் அந்துப்பூச்சிகள் வந்து உட்காரும். அவர் தட்டிவிட மாட்டார். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலை ஆய்வுகூடத்தில் இரசாயனவியலாளராக இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்திலிருந்து படித்து அங்கே உதவியாளராகப் போன முதல் ஆள் நான்.

பெண் பூச்சி ஆண் பூச்சியை அழைக்கும் வாசத்தை, இரண்டு இரசாயனங்களைக் கலந்து அவர் செய்தார்; அது அவர் ஸ்வெட்டரிலும் ஊறியிருந்தது. அதை வைத்த பொறிகளில் ஆண் பூச்சிகள் சிக்கின. இணை சேர ஆண் கிடைக்காமல், அம்மா கொழுந்தெடுக்கும் மலையில் அந்தப் பூச்சியின் இலை சுருட்டும் புழு குறைந்தது. பிறகு ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, அவ்விரண்டையும் எந்த அளவில் கலந்தாலும் காப்புரிமை தன்னுடையது என்றது. எங்கள் பூச்சி மயங்கும் அளவைக் கண்டுபிடித்தவர் இவர். அதுவும் 'எந்த அளவிலும்' என்பதற்குள் அடங்கும் என்றார் ஆய்வுகூடத்துச் சட்டத்தரணி. பொறிகளை நாங்களே கழற்றினோம்.

"நம்ம மலைப் பூச்சி விடுற வாசம் எப்படிங்க சேர் அவங்களுக்குச் சொந்தமாகும்?"

"பூச்சி விட்டால் குற்றமில்லை, பிள்ளை. நாங்கள் செய்தால்தான் குற்றம்."

புழு திரும்பி வந்தது. "பொறியக் கழட்டத்தான் ஒன்னப் படிக்க வச்சமா?" என்றார் அம்மா.

ஒரு காலை வேலைக்குப் போகும் வழியில், அம்மாவின் மலையில் ஒரு நிழல் மரத்தில் அந்த ஸ்வெட்டர் தொங்குவதைக் கண்டேன். பூச்சிகள் அப்பியிருந்தன. ஆய்வுகூடத்தில் அவர் வெறும் சட்டையோடு நின்றார்.

"குளிருதுங்களா சேர்?"

"இல்லை, பிள்ளை" என்றார், நடுங்கிக்கொண்டே.

அவ்வளவு பெரிய மலைக்கு ஒரு ஸ்வெட்டர் எப்படிப் போதும் என்று நான் கேட்கவில்லை.