கொடியில் விட்டுப்போன பச்சை ஜெர்சி

சேறும் வேர்வையும் மூட்டுவலித் தைலமும் ஒன்றாகக் கலந்து, ஓர் இரவு முழுக்கச் சாக்குக்குள் கட்டிக்கிடந்து, மறுநாள் காலையில் வாயைப் பிரித்ததும் முகத்தில் வந்து அறையும் அந்த நாற்றத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் முழுக்க அந்த நாற்றம்தான். முந்தின நாள் ஆட்டம் முடிந்ததும் கால்பந்துக் குழுவின் அழுக்கு ஜெர்சிகள் எல்லாம் ஒரே சாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அம்மா அவற்றை ஊறவைத்து, கசக்கி, வேலிக்கும் ரம்புத்தான் மரத்துக்கும் நடுவில் இழுத்துக் கட்டிய கொடியில் காயப்போடுவார். அம்மாவுக்கு இந்த வேலையை யாரும் கொடுக்கவில்லை. கோச்சின் மனைவி என்றால் துவைக்கத்தான் வேண்டும் என்று எல்லாருமாக முடிவுகட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

அப்பாதான் கோச்சு. குழுவின் முதலாளி லோரிக் கம்பெனி நடத்தியவர். அதனால் ஊரில் அதற்கு "லோரி டீம்" என்றே பெயர், அவருக்கு "பாஸ்" என்று பெயர். விளையாடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம் உண்டு, கீழ் டிவிஷனில் ஆட்டம், செராஸிலும் சுங்கை பூலோவிலும் போய் மோதிவிட்டு லோரியிலேயே திரும்பி வருவார்கள். ஆட்டத்தன்று காலையில், பெட்டியில் இருந்த ஜெர்சிகள் புழுங்கின வாடை அடிக்கக்கூடாதென்று அம்மா மறுபடியும் கொடியில் வெயில் காட்டுவார். பிறகு அப்பா இரண்டு வாளிகளோடு வருவார். முதலில் இறங்கப்போகும் பதினொரு பேரின் ஜெர்சி சிவப்பு வாளிக்கு, உட்கார்ந்திருக்கப் போகிறவர்களுடையது நீல வாளிக்கு. விளையாட்டுக்காரர்களுக்குத் தங்கள் கதி "பாடாங்" என்கிற ஆட்டத் திடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். எங்களுக்கு மதியத்துக்கு முன்பே தெரிந்துவிடும். தெரிந்தாலும் வாயைத் திறக்கக்கூடாது என்பது அப்பாவின் சட்டம். "ஆட்டம் முடியற வரைக்கும் எவனும் சொந்தக்காரன் இல்ல" என்பார்.

அதை அவர் சொல்லக் காரணம் இருந்தது. குழுவின் கேப்டன், கோல்கீப்பர், ஒன்றாம் எண் பச்சை ஜெர்சிக்காரர், அம்மாவின் சொந்தத் தம்பி செல்வம் மாமா. வீட்டில் அவர் அப்பாவை "மச்சான்" என்பார், பாடாங்கில் "கோச்சு" என்பார், இந்த இரண்டையும் ஒருநாளும் மாற்றிப் போட்டதில்லை. ஆட்டத்தன்று மதியம் எங்கள் வீட்டில் ரசம் சோறும் வறுத்த நெத்திலியும் சாப்பிட்டுவிட்டுத்தான் அவர் போவார், அதுவும் ஒருநாளும் மாறியதில்லை. குழு தொடங்கின புதிதில், பாஸின் லோரிகள் பாதி ஓடாமல் கிடந்த காலத்தில், பெரிய குழு ஒன்று மாமாவைக் கூப்பிட்டது, அவர் போகவில்லை. கோயில் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் பாஸ் மாமாவின் தோளில் கைபோட்டு, "நான் இருக்கற வரைக்கும் கோல் போஸ்ட்ல செல்வம்தான், வேற எவனும் இல்ல" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அப்பாவும் தட்டினார்.

நான் சொல்ல வந்தது அந்த வருஷத்தின் கடைசி ஆட்டத்தைப் பற்றி. அதில் ஜெயித்தால் மேல் டிவிஷன்; தோற்றால் விளம்பரதாரர் விலகிக்கொள்வார், குழுவை இழுத்து மூடவேண்டியதுதான் என்று ஊரே பேசியது. அந்த வாரத்தில் ஒரு நாள் அம்மா அலமாரியின் மேல்தட்டில் இருந்த மைலோ டப்பாவை எடுத்துத் தரச்சொன்னபோது, வலதுகைக்காரரான மாமா இடதுகையை நீட்டி எடுத்தார். அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். நானும் பார்த்தேன். அப்பா பார்த்ததை மாமா பார்க்கவில்லை. உயரத்தில் வரும் பந்தை எட்டிப் பிடிக்க முடியாத தோளோடு எங்கள் கோல்கீப்பர் இத்தனை நாள் நின்றிருக்கிறார் என்பது எனக்கே புரிந்துபோனது.

மறுநாள் பாஸ் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"கோச்சு, செல்வத்த உக்கார வைக்கப் போறதா பேசிக்கறாங்க. நெசமா?"

"தோள் போயிடுச்சு பாஸ். அவன் மறைக்கறான். அஸ்லான நிறுத்தினாத்தான் நமக்கு வாய்ப்பு."

அஸ்லான் சுங்கை பூலோவிலிருந்து வந்த இளைஞன், எங்கள் இரண்டாவது கோல்கீப்பர், நெட்டையன், அதுவரை நீல வாளியை விட்டு வெளியே வராதவன்.

"எல்லார் முன்னாலயும் நான் வாக்கு குடுத்திருக்கேன் லா. தோத்தாலும் பரவாயில்ல."

"நீங்க தோத்தா உங்களுக்கு லோரி ஓடும் பாஸ். இந்தப் பையன்களுக்கு என்னா ஓடும்?"

பாஸ் எழுந்துகொண்டு, "யாரு நிக்கணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. ஆனா செல்வம்கிட்ட நான் சொல்ல மாட்டேன்" என்றார். விசுவாசம் விசுவாசம் என்று முழங்கிய மனிதர், அதன் கஷ்டமான பாதியை எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார் என்று எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்தார். "அவன நிறுத்துங்க, நிறுத்தாதீங்க, அது உங்க வேல. ஆனா என் தம்பி வந்து எலையில உக்காரறதுக்கு முன்னாடி உங்க வாயால சொல்லிடணும்" என்றார். அப்பா "சொல்றேன்" என்றார். அதற்குப் பிறகு வந்த நாள்களில் மாமா தினமும் வந்தார். அப்பா வானிலையைப் பற்றிப் பேசினார்.

ஆட்டத்தன்று காலையில் அப்பா வாளிகளோடு கொடிக்கு வந்ததை அடுப்படிக் கதவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மற்ற எல்லாம் சீக்கிரம் முடிந்தது. பச்சை ஜெர்சியை எடுத்துச் சிவப்பு வாளியில் போட்டார், வெளியே எடுத்தார். நீல வாளிக்கு மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, அதைக் கொடியிலேயே திரும்ப மாட்டிவிட்டு, வாளிகளைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இலை போட்டதும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் மாமா அன்றைக்கென்று சீக்கிரம் வந்தார், வழக்கம்போல் கால் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனார்.

வெறுங்கொடியில் அந்த ஒரு ஜெர்சி மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மாமா குழாயைத் திறந்தவர் மூடவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. சிவப்பு வாளியில் எட்டிப் பார்த்தார், அஸ்லானின் மஞ்சள் ஜெர்சி மேலாகவே கிடந்தது. அவர் கத்துவார், வாளியை உதைப்பார், அப்படியே வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். அவர் குழாயை மூடினார். இடதுகையால் ஜெர்சியை இறக்கி, நான்காக மடித்து, நீல வாளியில் தானே வைத்தார். உள்ளே வந்து இலையில் உட்கார்ந்தார்.

அப்பா எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். "செல்வம், நான் வந்து..."

"அஸ்லான் எடது பக்கம் வர்ற பந்துக்கு லேட்டா எறங்குவான்" என்றார் மாமா, சோற்றைப் பிசைந்தபடி. "டிபெண்டர்கிட்ட இப்பவே சொல்லி வச்சிடுங்க, கோச்சு."

எங்கள் வீட்டுக்குள் மாமா வாயிலிருந்து அந்தச் சொல் அதுவரை வந்ததில்லை. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இடது பக்கமாக ஒரு பந்து வந்தது, அஸ்லான் லேட்டாகத்தான் இறங்கினான், கோல். கூட்டம் "செல்வத்த எறக்கு, செல்வத்த எறக்கு" என்று அலறியது. பாஸ் எழுந்து நின்று அப்பாவையே முறைத்தார். அப்பா திரும்பவில்லை, அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது. மாமா பெஞ்சிலிருந்து எழுந்தார், அப்பாவைக் கடந்து, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, மலாயில் அஸ்லானுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார், முன்னால வா, பின்னால போ, கையைத் தூக்கு என்று. இடைவேளைக்குப் பிறகு நாங்கள் இரண்டு கோல் போட்டோம். கடைசி நிமிடத்தில் எதிரணி அடித்த கார்னர், உயரத்தில், எல்லார் தலைக்கும் மேலே வந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அஸ்லான் எம்பி, இரண்டு கைகளாலும் அதைப் பறித்து நெஞ்சோடு கட்டிக்கொண்டான். மாமாவால் அந்தப் பந்தைப் பிடித்திருக்க முடியாது. அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது, மாமாவுக்கும் தெரிந்தது. விசில் ஊதியதும் பாஸ் ஓடிப்போய் அஸ்லானைத் தூக்கிச் சுற்றினார். மாமா வாளிகளை எடுத்துக்கொண்டு லோரிக்குப் போனார்.

அத்தோடு மாமா ஆட்டத்தை விட்டுவிட்டார். சாப்பிட வருவதை விடவில்லை, அப்பாவை "கோச்சு" என்பதையும் விடவில்லை. தீபாவளிக்குக் காலில் விழுந்து எழுந்தபோதுகூட "வரேன் கோச்சு" என்றுதான் சொன்னார்.

புது சீசன் தொடங்குமுன் ஒரு நாள் பாஸின் லோரி டிரைவர் வந்து, ஜெர்சிகளையும் வாளிகளையும் வாங்கி வரச் சொன்னார்கள் என்றார். இனிமேல் டோபி கடையில் போடப்போகிறார்களாம்.

"யாரு முடிவு பண்ணா?" என்று கேட்டார் அப்பா.

"புது கோச்சு, அண்ணே. வெளிநாட்டுக்காரரு. ஒங்களுக்கு... பாஸ் சொல்லலயா?" டிரைவர் தரையைப் பார்த்தார்.

அப்பா பெட்டியைத் தானே தூக்கிவந்து லோரியில் ஏற்றினார். அம்மா நீல வாளியைக் கொடுத்தார். "செவப்பு என் காசுல வாங்கினது, தர முடியாதுன்னு ஒங்க பாஸ்கிட்ட சொல்லுங்க" என்று கதவைச் சாத்திவிட்டார். அப்பா பின்பக்கம் போய் வெறுங்கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், இருட்டும்வரை உள்ளே வரவில்லை. ஊருக்குள் செய்தி பரவியிருக்க வேண்டும். மாமா வேலை உடுப்போடே வந்தார். நேராகப் பின்பக்கம் போனார்.

"மச்சான், சாப்பிட்டீங்களா?" என்றார்.

அப்பா தலையாட்டினார். மாமா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

இன்று அப்பாவும் அம்மாவும் என்னோடு செமினியில் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். ஜெர்சி காய்ந்த கொடியும் ரம்புத்தான் மரமும் போய்விட்டன, பாடாங் இருந்த இடத்தில் சரக்குக் கிடங்கு நிற்கிறது, லோரி டீமை இரண்டொரு வருஷத்தில் பாஸே கலைத்துவிட்டார். சிவப்பு வாளியில் அம்மா கறிவேப்பிலை வளர்க்கிறார். சனிக்கிழமைகளில் மாமா வந்து ரசம் சோறு சாப்பிட்டுவிட்டு அப்பாவோடு டிவியில் வெளிநாட்டு ஆட்டம் பார்ப்பார். போன வாரம், வருஷக்கணக்காக ஒரே குழுவில் இருந்த கோச்சு ஒருவரை ஆட்டம் தோற்றதற்காக முதலாளி நீக்கிவிட்டதாகச் செய்தி காட்டினார்கள். அந்த ஆள் அதைத் தெரிந்துகொண்டதே பத்திரிகைக்காரர்கள் கேட்டபோதுதானாம்.

"மொதலாளிய குத்தம் சொல்ல முடியாது" என்றார் அப்பா. "ஜெயிக்கணும்னா மாத்தித்தான் ஆகணும்."

"மாத்தட்டும் மச்சான், யாரு வேணாம்னா?" மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு மாத்தியிருக்கலாம் லா."

அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். மாமா பக்கம் திரும்பி, "சொல்லியிருக்கணும், செல்வம்" என்றார்.