பெட்டியோடு போன டிஸ்சார்ஜ் புத்தகம்

என் அத்தை ஞானம்மாளுக்கு அறுபது வயதில் ஒரே ஒரு ஆசை இருந்தது. கொழுந்தன் வீட்டை விட்டு வெளியேற வேண்டும். அதற்கு ஒரு காகிதம் தேவைப்பட்டது. செத்துப்போன அவள் கணவர் சத்தியநாதன் இரண்டாம் உலகப்போரில் சிப்பாயாக இருந்தார் என்று சொல்லும் காகிதம். அப்படிப்பட்டவர்களின் விதவைகளுக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு என்று சபையில் யாரோ சொல்லியிருந்தார்கள். பெருங்களத்தூரில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்துவிட்டு மிச்சத்தில் கஞ்சி குடிக்கலாம். அவ்வளவுதான் அவள் கணக்கு.

ஆறு வருடம் வெளிநாடுகளில் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 1990ல் நான் தாம்பரத்துக்குத் திரும்பியிருந்தேன். கங்காணிகளும் கஸ்டம்ஸ்காரர்களும் செய்யும் அசிங்கங்களைப் போதுமான அளவு பார்த்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் மிச்சமிருப்பதை மறந்துவிட்டேன்.

கொழுந்தன் தேவானந்தம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சபை மூப்பர். பீர்க்கன்கரணை ஏரியைப் பார்த்தபடி அவருடைய வீடு. மாமா இறந்ததும் அத்தை ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை பார்த்தாள். விடுதியை மூடியபோது, "அண்ணி எங்ககூடவே இருக்கட்டும்" என்று சபையார் முன்னால் தேவானந்தம் சொன்னார். எல்லோரும் கண் கலங்கினார்களாம். வீட்டில் அவள் படுத்த இடம் கேஸ் சிலிண்டருக்கும் பின்வாசலுக்கும் நடுவே, கால் நீட்டினால் கதவு இடிக்கும் இடம். தண்ணீர் வேண்டுமென்றால் அவர் டம்ளரால் மேசையைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் காபி. கூடத்தில் விருந்தாளி இருந்தால் மட்டும் "அண்ணி" என்று கூப்பிடுவார்.

"மாமாவோட மிலிட்டரி பேப்பர் எங்க அத்தே?" என்று முதல் நாளே கேட்டேன்.

"பெட்டியில போச்சு, பேபி."

"எந்தப் பெட்டி?"

"சவப்பெட்டி. டிஸ்சார்ஜ் புத்தகம், மெடல் ரெண்டையும் அவர் நெஞ்சு மேல வெச்சோம். தேவானந்தம்தான் சொன்னார், போர்ச்சேவகன் தன் புத்தகத்தோட ஆண்டவர் முன்னாடி நிக்கணும்னு. எனக்கும் பெருமையா இருந்துச்சு."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆண்டவர் டிஸ்சார்ஜ் புத்தகம் பார்த்துத்தான் ஆளைச் சேர்ப்பாரா? மாமா இறந்த 1972ல், நெல்லுக்கும் மண்ணெண்ணெய்க்கும் கூட காகிதம் கேட்ட நாட்டில், இருந்த ஒரே காகிதத்தை மண்ணுக்குள் வைத்து மூடியிருக்கிறார்கள். அதையும் பாட்டுப் பாடி.

மாமாவின் படைப்பிரிவு எது, எண் எது என்று அத்தைக்குத் தெரியாது. பர்மா எல்லையில் ரோடு போட்டார்கள், அட்டை கடித்தது, கோவேறு கழுதைகள் சேற்றில் புதைந்தன. அவர் சொன்னது இவ்வளவுதான். ஆவணக் காப்பகங்களுக்கு எட்டு கடிதம் எழுதினேன். ஆறுக்குப் பதிலே இல்லை. ஒன்று, எண் இல்லாமல் தேட முடியாது என்றது. இன்னொன்று, அந்த வருடத்துப் பதிவேடுகள் பெரும்பாலும் ஈரத்தில் அழிந்துவிட்டன என்று மூன்றே வரியில் முடித்துக்கொண்டது.

உதவித்தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் அலுவலகத்தில் மாமாவின் சீருடைப் படத்தைக் காட்டினேன். பூஞ்சை பிடித்து முகத்தில் பாதி போயிருந்தது. பிரிவு அலுவலர் பக்தவச்சலம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"யூனிபார்ம் போட்டா மிலிட்டரியாம்மா? ஸ்டுடியோவுல வாடகைக்குக் குடுப்பான். என் மச்சான் போலீஸ் டிரெஸ்ல படம் எடுத்துவெச்சிருக்கான். அவன் சைக்கிள் கடை."

"வேற என்ன காட்டணும் சார்?"

"மெடல் இருந்தா கொண்டாங்க. ஓரத்துல நம்பரும் பேரும் வெட்டியிருக்கும். அதுவும் இல்லன்னா, கூடப்பிறந்தவர் யாராவது அஃபிடவிட் குடுக்கட்டும். எனக்கு ஏதாச்சும் ஒண்ணு வேணும்மா. சும்மா எழுத முடியாது."

இத்தனை மாதத்தில் ஒரு மனிதன் பேசிய முதல் உருப்படியான பேச்சு அது. மெடல் குழிக்குள் இருந்தது. பதினான்கு வருடம் ஆனால் குடும்பக் குழியைத் திரும்பத் திறக்கலாம் என்பது எங்கள் கல்லறைத் தோட்டத்து வழக்கம். பதினெட்டு வருடம் ஆகிவிட்டதே, மனு கொடுத்துத் திறக்கச் சொல்லலாம் என்று அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன். குழி வெட்டும் வீராசாமி புங்க மரத்தடியில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"சத்தியநாதனா? மிலிட்டரிக்காரரு? அந்தக் குயி தொறந்து மூணு வர்சம் ஆவுதேம்மா."

"யார் திறக்கச் சொன்னது?"

"அவுரு தம்பிதான். அவரோட மாமியாரம்மா செத்துச்சே, அதைப் பொதைக்கத்தான். உங்களுக்குத் தெரியாதா?"

அத்தை என்னைப் பார்த்தாள். அந்தச் சாவுக்கு முப்பது பேருக்குச் சமைத்தவள் அவள். அடுப்பை விட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வர அன்று யாரும் விடவில்லை.

"உள்ளே புத்தகம் ஒண்ணு இருந்துதா?" என்றேன்.

"புக்கெல்லாம் செல்லு தின்னு மண்ணாப் பூட்சி. நட்சத்திரம் மாரி ஒண்ணு கெடந்துச்சு, பச்சையாப் பாசம் புட்ச்சிகினு. நான்தான் கயுவிக் குடுத்தேன். அவுரு கர்ச்சீப்புல சுத்திகினு போனாரு."

அத்தை மெதுவாகக் கேட்டாள்: "எலும்பு?"

"சாக்குல கட்டி அந்தம்மா காலாண்ட வெச்சு மூடிட்டோம். அதாம்மா வயக்கம். இன்னா பண்றது, எடம் இல்லியே."

தேவானந்தத்தின் அந்த மாமியார் உயிரோடு இருந்தவரை மாமாவைப் பற்றிச் சொன்னது ஒன்றுதான்: "பர்மாவாவது கிர்மாவாவது, கல்கத்தா ஓட்டல்ல தட்டு கழுவினவன்." இப்போது மாமா அந்தக் கிழவியின் காலடியில், கோணிச் சாக்கில். பேருந்து பிடித்து நேராக வீட்டுக்குப் போனோம்.

தேவானந்தம் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மெடல் எங்கே என்று கேட்டேன். மறைக்கக்கூட இல்லை.

"பிணத்தோட கெடந்ததை வீட்ல வெச்சிருக்க முடியுமாம்மா? பழைய பித்தளையோட பாத்திரக்காரன்கிட்ட போட்டேன். டிபன் கேரியர் ஒண்ணு குடுத்தான்."

பக்கத்தில் இருந்த அவர் மனைவி ரத்தினபாய், "மூணு அடுக்கு" என்றாள்.

கோபத்தை அடக்கிக்கொண்டு அஃபிடவிட்டைப் பற்றிச் சொன்னேன். மாமா போர்முனையிலிருந்து எழுதிய கடிதங்களைப் படிக்கத் தெரியாத தங்கள் தாய்க்கு உரக்கப் படித்துக் காட்டிய பையனே இந்த மனிதர்தான். அவருக்குத் தெரியாதது இல்லை. ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சத்தியம் பண்ண மாட்டேன். நம்ம விசுவாசத்துல ஆணை இடுறது பாவம். உனக்குத் தெரியாதா?"

"ரெண்டாவது கேஸ் கனெக்‌ஷனுக்கு அஃபிடவிட் குடுத்தீங்களே மாமா? அத்தை தனிக்குடும்பம்னு?"

"அது ஃபார்ம். ஃபார்ம் வேற, சத்தியம் வேற."

ரத்தினபாய்க்கு விசுவாசத்தைப் பற்றியெல்லாம் கவலை இல்லை. "அதுக்கில்ல பேபி. அண்ணிக்குப் பணம் வந்துச்சுன்னா தனியாப் போயிடுவாங்க. எனக்கு முட்டி வலி. அஞ்சரைக்கு எழுந்து யாரு பண்ணுவா, சொல்லு?" என்றாள். அந்தக் கூடத்தில் அன்று பேசப்பட்ட ஒரே உண்மை அது.

சமையலறை வாசலில் அத்தை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. தேவானந்தம் பழக்கதோஷத்தில் டம்ளரை இரண்டு முறை தட்டினார். அவள் உள்ளே போனாள். காபிதான் போடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் மேலும் எனக்கு வெறுப்பு வந்தது, அதை மறைப்பானேன். அடுப்பு அணைகிற சத்தம் கேட்டது. பிறகு தகரப் பெட்டியை இழுக்கிற சத்தம்.

"தம்பி, குழம்பு பாதி வெந்திருக்கு. மீதியை வேக வெச்சுக்கோங்க" என்றாள்.

"எங்க போறீங்க? பென்ஷன்தான் வரலையே" என்றார் அவர். உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

"வரலை" என்று சொல்லிவிட்டு அத்தை செருப்பைத் தேடினாள்.

விடுதியில் கூட வேலை பார்த்த ஹில்டா, பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் இட்லிக் கடை போட்டிருந்தாள். கடைக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை. பெட்டியைப் பார்த்ததும் ஹில்டா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சட்னி நீ அரைக்கிறியா, நான் அரைக்கட்டுமா?"

விண்ணப்பம் பக்தவச்சலத்தின் மேசையில் 'ஆதாரம் எதிர்நோக்கி' என்ற குறிப்போடு கிடந்தது. நான் மாதம் ஒருமுறை போய்ச் சண்டை போட்டேன். அத்தை பிறகு கேட்கவே இல்லை.

அத்தை வெளியேறிய மூன்றாவது வாரம் தேவானந்தம் கடைக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து நான்கு இட்லி சாப்பிட்டார். சாம்பார் இரண்டு முறை கேட்டார். இலையை மடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணி, ரத்தினத்துக்கு முடியல. வந்துடுங்க. அந்த அஃபிடவிட்டை நாளைக்கே போட்டுடறேன்."

"உங்க விசுவாசம் என்னாகும் தம்பி?"

"அதை நான் ஆண்டவர்கிட்ட சொல்லிக்கறேன்."

மாவு ஊற்றிக்கொண்டிருந்த அத்தை கரண்டியை நிறுத்தவில்லை. "இங்க வந்து போடுங்க. நான் அங்க வர மாட்டேன்."

அவர் முகம் மாறியது. வராதவளுக்காக எதற்குப் பாவம் செய்ய வேண்டும்? எழுந்து, கை கழுவி, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தார். சொந்த அண்ணி கையால் சாப்பிட்டதற்குக் காசு என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை.

"யோவ் சார்! நாலு இட்லி!" என்று ஹில்டா கத்தினாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சபை மூப்பர் திரும்பி வந்து, பர்ஸைத் தடவி, அத்தையைப் பார்த்தார், வேண்டாம் என்பாள் என்று.

"சில்லறையா குடுங்க தம்பி" என்றாள் அத்தை.