கூட்டுரோட்டு ஐவிக் கொத்து

என் தம்பி வோய்கோ பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் அவனைப் போல ஒழுங்கானவனை எங்கள் ஊரில் பார்க்க முடியாது. பனி கொட்டினாலும் பஸ் நேரத்துக்கு வரும். ஒரு பிள்ளையைக்கூட நிறுத்தத்தில் விட்டுவிட்டுப் போனதில்லை. ஆனால் மலைச்சரிவில் ரூய் செடி சிவக்க ஆரம்பித்துவிட்டால் ஆள் வேறாகிவிடுவான். சூப்புத் தட்டில் கரண்டியைப் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். என்னடா என்று கேட்டால் "ம்" என்பான். அவனும் நானும் ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் இருக்கிறோம். நடுவில் ஒரு சுவர்தான். அந்த மாதங்களில் அவன் விடும் பெருமூச்சு எனக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

ரூய் செடியைச் சொல்ல வேண்டும். கோடையில் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாறை இடுக்கில் ஏதோ புதர் என்று விட்டுவிடுவோம். அக்டோபரில் ஒரு காலை கதவைத் திறந்தால் எதிரே மலை முழுக்கச் சிவப்பாக இருக்கும். காற்றில்லாத நாளில் அந்தச் சிவப்பு வீட்டுச் சுவரில், துணிக்கொடியில், நம் கைகளில்கூடப் படிந்திருக்கிற மாதிரி தோன்றும். பிறகு ஒரு நாள் வடக்கிலிருந்து பூர்யா காற்று கிளம்பி அத்தனை இலையையும் உதிர்த்துவிட்டுப் போகும். அதுவரைக்கும் எங்கள் க்ராஸ் வட்டாரத்தில் யாரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் இருப்பதில்லை.

நானும் வோய்கோவும் சேர்ந்துதான் கிளம்புவோம். மழை பெய்த மறுவாரம் பைன் காட்டில் காளான் பொறுக்குவோம். ப்ர்கினி மலைப்பக்கம் போனால் கஷ்கொட்டை. முள்தோட்டைப் பூட்ஸ் காலால் மிதித்துப் பிளந்து எடுக்க வேண்டும், அதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். இவனோ பின்னால் எங்கேயோ நிற்பான். மூடுபனிக்குள் கல்சுவர்கள் பாதி தெரியும், பாதி தெரியாது. ஆட்டு மணி எங்கிருந்தோ கேட்கும், ஆடு கண்ணில் படாது. அதற்கு நடுவில் என் தம்பி காலிக் கூடையோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஊர் முழுக்க அவனுக்கு என்ன வியாதி என்று தெரியும். அதன் பெயர் சவினா.

எங்கள் பக்கத்தில் நடை எங்கே தொடங்கினாலும் ஓர் ஓஸ்மித்சாவில்தான் முடியும். சொந்தத் திராட்சையில் ஒயின் போடுகிற வீட்டுக்காரர்கள் அனுமதி வாங்கி, வருஷத்தில் சில நாள் மட்டும் முற்றத்தில் பெஞ்சு போட்டு விற்பார்கள். கூட்டுரோட்டில் ஐவிக் கொடியின் இலைக்கொத்து ஒன்றும் அதன் கீழே மர அம்பும் தொங்கும். கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். அம்பு காட்டுகிற பக்கம் போக வேண்டியதுதான். நாள் முடிந்ததும் கொத்தை இறக்கிவிடுவார்கள். பிறகு அது வெறும் வீடு, போய்க் கதவைத் தட்டினால் அசிங்கம்.

சவினாவின் ஓஸ்மித்சா அக்டோபரில் வரும். புருஷன் இறந்த பிறகு தனியாகவே நடத்தினாள். கறுப்பாகத் தோன்றும் தெரான் ஒயின், பூர்யாவில் உலர்ந்த பன்றித்தொடை, அவித்த முட்டை, ரொட்டி. வோய்கோ மல்பெரி மரத்தடிப் பெஞ்சின் கோடியில் உட்காருவான். ஒரு குவளை ஒயினை வைத்துக்கொண்டு இருட்டும்வரை ஓட்டுவான். சவினா வந்து "ரொட்டி எப்படி இருக்கு?" என்பாள். "நல்லா இருக்குங்க" என்பான். அதோடு அந்த வருஷத்துப் பேச்சு முடிந்தது. அவன் தினமும் பஸ்ஸோடு அந்தக் கூட்டுரோட்டைத் தாண்டுகிறவன் என்பதால், கொத்தைக் கட்டுவதும் இறக்குவதும் அவன் வேலை. அந்த ஏணியில் ஏறும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாதிரியார் திருப்பலிக்குப் பீடம் ஏறுகிற மாதிரி இருக்கும்.

இந்த வருஷம் முதல் நாளே சவினா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். "நல்லா குடிச்சுக்குங்க. இதான் கடைசி. எம் பொண்ணு கிராட்ஸ்ல அவ வீட்டுக்கு வரச் சொல்லி ஒத்தக் கால்ல நிக்கறா. கடை முடிஞ்ச மறுவாரம் சாமான் ஏத்த லாரி வருது."

வோய்கோ கையிலிருந்த முட்டையை உரித்துக்கொண்டே இருந்தான். ஓடு போய், வெள்ளையும் போய், மஞ்சள்கரு மட்டும் மிஞ்சியது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

"டேய், இப்பவாச்சும் வாயத் திறப்பியா மாட்டியா?"

"என்னன்னு சொல்றது அக்கா?"

"போகாதீங்கன்னு சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவங்க பொண்ணு வீட்டுக்குப் போறாங்க. நான் யாரு தடுக்க?"

"கேக்காம விட்டா நீ யாரும் இல்லதான்."

அந்த நாட்கள் எப்படிப் போயின என்றே தெரியவில்லை. காலையில் பனி, மதியம் தேன் நிறத்தில் வெயில், சாயங்காலம் எங்கும் விறகுப் புகை. தினமும் பஸ்ஸை நிறுத்திவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, தலையை நனைத்து வாரிக்கொண்டு போவான். நான் ஜன்னலில் நின்று இன்றைக்காவது கேட்கட்டும், இன்றைக்காவது கேட்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன். திரும்பி வந்து மெதுவாகக் கதவைச் சாத்துவான். சுவருக்கு அந்தப் பக்கம் பெருமூச்சு. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஐம்பது தாண்டியவனுக்காக ஒருத்தி அழுவாளா என்றால், அழுவாள், தம்பி அல்லவா.

சனிக்கிழமை சாயங்காலம் கடை முடிந்தது. சவினா மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றி அவன் கையில் கொடுத்து, "போற வழியில கொத்த இறக்கிடுங்க வோய்கோ" என்றாள். தலையை ஆட்டினான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்த மாதிரி ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை. இரவு மழை பெய்து விட்டிருந்தது. சிவப்பு கழுவி வைத்தது போல் இருந்தது. ட்ரியஸ்ட், லுப்லியானா நகரங்களிலிருந்து ஜனங்கள் காரில், சைக்கிளில், குழந்தை குட்டிகளோடு வந்து இறங்கிவிட்டார்கள். நான் காளான் கூடையோடு கூட்டுரோட்டுக்கு வந்தேன். ஐவிக் கொத்து அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கார்கள் வரிசையாக அம்பு காட்டிய பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

சவினா ரப்பர் பூட்ஸும் ஈர ஏப்ரனுமாக முற்றத்தில் நின்றிருந்தாள். கையில் பீப்பாய் கழுவும் பிரஷ். பெஞ்சுகளைச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தாள். ஜனங்கள் அவற்றை எடுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்கள்.

"மூடியாச்சுங்க! நேத்தே மூடியாச்சு!"

"கொத்து தொங்குதே!" என்றார் ஒருவர், நியாயமாகத்தான்.

"அனுமதி முடிஞ்சிருச்சு. ஒரு சொட்டு வித்தாலும் அபராதம். முட்டை இல்ல, ரொட்டி இல்ல, ஒண்ணும் இல்ல. ஸோரா, எங்க உன் தம்பி?"

அதற்குள் எங்கள் ஊர் பெப்பி அக்கார்டியனோடு வந்து சேர்ந்தார். அழைக்காத இடத்துக்கெல்லாம் முதலில் வருகிறவர் அவர். "விக்கத்தானே கூடாது? கொடுக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். யாரோ பையிலிருந்த கஷ்கொட்டையை மேஜையில் கொட்டினார்கள். இன்னொருவர் பாலாடைக்கட்டி எடுத்தார். என் காளானை நானே கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியுமா? திராட்சைக் குச்சிகளைக் கூட்டித் தீ மூட்டினார்கள். சவினா திட்டிக்கொண்டே வாணலி எடுத்து வந்தாள், திட்டிக்கொண்டே பீப்பாயின் அடியில் மிஞ்சியதைக் குடத்தில் பிடித்து வந்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் கனவு மாதிரி ஆகிவிட்டது. கஷ்கொட்டை வெடிக்கிற சத்தமும் அக்கார்டியனும் கேட்டுக்கொண்டிருந்தன, மல்பெரி இலைகள் குடிக்கிற குவளைக்குள் ஒவ்வொன்றாக விழுந்தன. சுவருக்கு மேலே மலை எரியாமல் எரிந்துகொண்டிருந்தது. முன்பின் தெரியாத ஒரு குழந்தை என் மடியில் தூங்கியது. அடுத்த வாரம் இந்த முற்றம் பூட்டிக் கிடக்கும் என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை.

அப்போதுதான் வாசலில் வோய்கோவைப் பார்த்தேன். உள்ளே வராமல் கல்தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். சவினாவும் பார்த்துவிட்டாள்.

"வாங்க சார்! கொத்த ஏன் இறக்கல?"

"மறந்துட்டேங்க."

"மறந்தீங்களா? இத்தன வருஷத்துல ஒரு புள்ளைய மறந்து விட்டுட்டுப் போகாத ஆளு நீங்க. எங்கிட்டயா கதை?"

அக்கார்டியன் நின்றது. பெப்பிக்கு நிறுத்த வேண்டிய இடம் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

வோய்கோ தரையைப் பார்த்தான். "மறக்கல. ஏணியில ஏறிட்டேன். கை வரல. இறக்கிட்டா முடிஞ்சு போயிடும். நீங்க போயிடுவீங்க."

"அதுக்காக ஊரையே எங்க வீட்டுக்கு அனுப்புவீங்களா?"

"தப்புதாங்க."

சவினா ஏப்ரனில் கையைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பிறகு போனை எடுத்து எண்ணைத் தட்டி அவன் கையில் திணித்தாள். "எம் பொண்ணு. லாரி வரலாமா வேண்டாமான்னு நீங்களே சொல்லுங்க. உங்களாலதானே இந்தக் கூத்து."

போனுக்குள் "அம்மா?" என்று கேட்டது. என் தம்பி வெளுத்துப் போனான்.

"அம்மா இல்லைங்க. நான் வோய்கோ. பஸ் ஓட்டறேன்." பிறகு ஒரே மூச்சில் சொன்னான். "உங்கம்மா வர மாட்டாங்க. நான் கேட்டுக்கிட்டேன், இங்கயே இருங்கன்னு."

"எங்க கேட்டீங்க?" என்றாள் சவினா. "நானும் வருஷா வருஷம் ரொட்டிய வெச்சுக்கிட்டு நிக்கறேன். நீங்க இன்னும் கேக்கவே இல்லையே!"

வோய்கோ போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவள் பக்கம் திரும்பினான். முற்றத்தில் அத்தனை பேரும் இருந்தார்கள், அவன் யாரையும் பார்க்கவில்லை.

"போகாதீங்க சவினா. எனக்கு ஒயினே பிடிக்காது. உங்களுக்காகத்தான் வந்தேன். எங்கூட இருக்கீங்களா?"

போனுக்குள் பெண் கத்துவது எங்கள் மேஜைவரை கேட்டது. "அம்மா! யாரும்மா அது? என்னம்மா நடக்குது அங்க?"

சவினா போனை வாங்கிக்கொண்டாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"லாரிக்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிடும்மா," என்றாள். "அப்புறமா கூப்பிடறேன். இங்க ஆளுங்க வந்திருக்காங்க."