மேரியின் ஜோடி

பேய் என்றால் நடுநிசியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதை நம்பமாட்டார்கள். இது பட்டப்பகலில், பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் தொடங்கியது. எழுபத்தாறாம் வருடம், கும்மிடிப்பூண்டியில். கோமளவல்லி டீச்சருக்கு நடந்தது. ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

கோமளவல்லி திருவள்ளூர்ப் பெண். கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, பொன்னேரியில் சித்தப்பா வீட்டில் தங்கி, ரயிலில் வந்துபோனாள். நாலு பேர் எதிரில் வாய் திறக்கக் கூசுவாள். அதனாலோ என்னவோ, நூலக வகுப்பை அவள் தலையில் கட்டியிருந்தார் ஹெட்மாஸ்டர் தானியேல் சார்.

நூலகம் என்றால் கடைசி அறையில் ஒரு மர பீரோ, நாலைந்து கோரைப்பாய், ஒரு ஜன்னல். அவ்வளவுதான். பக்கத்து இரும்பு ஆலையின் கரி அந்த ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் படியும். புத்தகத்தைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்தில் பக்கம் சாம்பல் நிறமாகிவிடும்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. படிக்கத் தெரிந்த பிள்ளையும் தெரியாத பிள்ளையும் ஜோடியாக உட்கார வேண்டும். தெரிந்தவர் தெரியாதவரின் விரலைப் பிடித்து எழுத்துக்கு அடியில் நகர்த்த வேண்டும். டீச்சர் “ஜோடி மாத்து!” என்று குரல் கொடுத்தால் உடனே கையை விட்டுவிட்டு வேறு ஜோடி சேர வேண்டும். மணி அடித்ததும் அதே ஜோடி கை கோத்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். பள்ளி இந்தப் பக்கம், வீடுகள் அந்தப் பக்கம், நடுவில் தண்டவாளம்.

மூன்றாம் வகுப்பு ஆரோக்கியமேரிக்கு மட்டும் ஜோடி கிடையாது. அவளுக்கு ‘அ’ கூடத் தெரியாது. எல்லாரும் அவளோடு சேர மறுத்தார்கள். சாயந்திரம் பாதையைத் தாண்டும்போது கோமளவல்லியே அவள் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஒருநாள் மேரியின் அம்மா முத்தம்மா ஆலையிலிருந்து நேராக வந்து வாசலில் நின்றாள்.

“இன்னா டீச்சர், இது படிக்குமா படிக்காதா? அரப் பரிச்சையில பாஸ் ஆவலன்னா மெட்ராசுல ஒரு ஊட்டு வேலைக்கு அனுப்பிடப் போறேன். சோறாவது துன்னும்.”

“எட்டு வயசுதானே ஆறது... கொஞ்சம் பொறுங்கோ.”

“நீங்களே வாயத் தொறக்க மாட்றீங்க. உங்ககிட்ட உட்டா இது எங்கேந்து படிக்கும்?”

முத்தம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மேரி சிரிக்கவில்லை.

அடுத்த நூலக வகுப்பில் கோமளவல்லி மேரியின் பக்கத்தில் உட்காரப் போனாள்.

“இன்னிலேந்து நான்தான் உன் ஜோடி.”

“வோணாம் டீச்சர். எனக்குத்தான் ஜோடி கீதே.”

மேரி பீரோ ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். புத்தகத்தைத் தனக்கு நேராக வைக்கவில்லை. இரண்டு பேர் பார்க்கும்படி சற்றுத் தள்ளி வைத்தாள்.

“டீச்சர், மேரி காத்தோட பேசிக்கினு கீது!” என்று கத்தினான் சுப்பராயன். எல்லாரும் சிரித்தார்கள்.

விளையாட்டு என்று கோமளவல்லி விட்டுவிட்டாள். மேரி படிக்கத் தொடங்கியிருந்தாள், அதுதான் காரணம். முதலில் எழுத்து. பிறகு சொல். தீபாவளிக்குள் வரி வரியாக வாசித்தாள்.

யாரும் சொல்லித் தரவில்லை.

கோமளவல்லி கவனிக்க ஆரம்பித்தாள். கரி படிந்த பக்கத்தில், வரிகளுக்கு அடியில், விரல் இழுத்த தடம் இருந்தது. மேரியின் விரல் குச்சி மாதிரி. தடம் அதைவிட அகலம். விரலைச் சாய்த்துத் தேய்த்தால் அகலமாகும் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் குனிந்து பார்த்தாள்.

மேரியின் சுட்டுவிரல் பின்பக்கமாக வளைந்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. மேலிருந்து யாரோ பிடித்து அழுத்தினால்தான் அப்படி வெளுக்கும்.

கோமளவல்லிக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வரவில்லை. உடம்பு மரத்துப்போன மாதிரி நின்றாள். பிள்ளை பாஸானால் போதும் என்று மட்டும் தோன்றியது.

ஏரியைப் பற்றிய பாடத்தில் மேரி நின்றுவிட்டாள். பாதிப் பக்கம் வரை கடகடவென்று வாசித்தவள், சட்டென்று புத்தகத்தை மூடினாள்.

“ஏன் நிறுத்திட்டே?”

“அதுக்கு இதுக்கு மேல தெரியாதாம் டீச்சர்.”

“யாருக்கு?”

“ஜோடிக்கு.”

மீதிப் பாடங்களைக் கோமளவல்லி சொல்லிக் கொடுத்தாள். மேரியை நடுவில் உட்காரவைத்து, ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்து. மறுபக்கத்தைப் பார்க்காமல்.

மேரி அரைப் பரீட்சையில் பாஸானாள்.

மார்க் சொன்ன அன்று மார்கழி மேகம். சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்தது. மணி அடித்தது. கோமளவல்லி பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இன்னிக்கு நான் ஜோடியோட போறேன்.”

“நில்லு, வரேன்...”

திரும்பினாள். மேரி இல்லை.

ஆலையின் சங்கு ஊதியது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம்... கூட்ஸ் வண்டி.

கோமளவல்லி ஓடினாள்.

மற்ற பிள்ளைகள் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். மேரி தண்டவாளத்தின் நடுவில் நின்றிருந்தாள். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டியிருந்தாள். யாரோ பிடித்திருப்பதுபோல.

“மேரி! வா!”

“உட மாட்டேங்குது டீச்சர்...”

கோமளவல்லி அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை அசையவில்லை. இன்னும் இழுத்தாள்.

அந்தப் பக்கமும் இழுத்தது.

கயிறு இழுக்கும் கணக்கு அவளுக்குத் தெரியும். எதிர்முனையில் எடை இல்லாமல் கயிறு விறைக்காது.

என்ஜின் விளக்கு மேரியின் முகத்தில் விழுந்தது.

வாழ்க்கையில் அதுவரை கத்தாதவள் கத்தினாள்.

“ஜோடி மாத்து!”

மேரியின் விரல்கள் தானாக விரிந்தன. பழக்கம்.

அதுவும் பழகியிருந்தது...

இழுப்பு தளரத் தொடங்கியது. முழுதாக விடவில்லை.

“இவ வேணாம். நான் வரேன். நான் ஜோடி.”

விட்டது.

இருவரும் ஜல்லியில் விழுந்தார்கள். தலைக்கு மேல் காற்று. இரும்பு. பெட்டி, பெட்டி, பெட்டி...

மேரியைக் கோமளவல்லி இடது கையால் அணைத்திருந்தாள்.

வலது கையை யாரோ பிடித்திருந்தார்கள்.

சின்னப் பிள்ளையின் கை இல்லை. பெரியது. காய்ப்பு ஏறியது. சில்லென்று...

கடைசிப் பெட்டி போனது.

கை அப்படியே இருந்தது.

பிறகு இல்லை.

மறுநாளிலிருந்து அவள் வலது கைக்கு உணர்ச்சி போய்விட்டது. பொன்னேரி டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். ரத்தம் வந்தது. வலிக்கவில்லை. நரம்பில் ஏதோ அடி என்றார்.

பொங்கல் லீவு முடிந்ததும் முத்தம்மா நூலகத்துக்கு வந்தாள். கையில் நாலு கரும்புத் துண்டு.

“பாஸ் ஆயிடுச்சே டீச்சர்! இனிமே மெட்ராசும் இல்ல, ஒண்ணும் இல்ல. படிக்கட்டும். எங்க அமுலு இருந்தா இன்னா குதி குதிச்சிருப்பா!”

“அமுலு யாரு?”

“என் தங்கச்சி. மேரியப் பெத்தவ. நான் வளத்தவதானே டீச்சர். அவளும் இதே ரூமுலதான் ராத்திரிப் பள்ளிக்கூடத்துல படிச்சா. புள்ளைக்கு நானே சொல்லிக் குடுப்பேன்னு ஒரே பேஜாரு பண்ணுவா. ஒருநாள் படிச்சிட்டு வரசொல்லோ லைன்ல அடிபட்டுட்டா.”

கோமளவல்லி தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மூணு நாளு தேடினோம் டீச்சர். முள்ளு, பள்ளம், ஏரிக்கர, எல்லா எடமும். கடசில கெடச்ச வரைக்கும் போதும்னு பொதச்சிட்டோம்.”

“கிடைச்ச வரைக்குமா?”

“வலது கை மட்டும் கெடைக்கவே இல்ல டீச்சர்.”

முத்தம்மா கரும்பைப் பாய்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

கோமளவல்லி மடியில் கிடந்த தன் கையைப் பார்த்தாள். விரல்கள் மெல்ல மடங்கின. எதையோ பற்றிக்கொள்வதுபோல மூடின.

அவள் மூடவில்லை.