மிளகுக் கொடிக்கு வைத்த அலையாத்திச் சேறு

கடலூர்ப் பக்கம் உப்பங்கழி ஓரத்தில் பிறந்தவன் நான். அலையாத்திக் காட்டுச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்களின் மரபணுக்களைப் படித்துத்தான் பட்டம் வாங்கினேன். கொல்லிமலையில் ஒரு மண் ஆய்வு அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தபோது, ஊர்ச் சேற்றை ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றில் அடைத்துக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இதுல ஒரு சிட்டிகைக்குள்ள ஆயிரக்கணக்கான வகை உயிர் இருக்கு. உப்பையும் தாங்கும், காத்தில்லாத சேத்தையும் தாங்கும். எதுக்கும் சாகாது" என்று அளப்பேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

இந்தப் புராணத்தை அதிகம் கேட்டவர், அலுவலகம் கூட்ட வரும் அக்கா. அதே மலையில் ஆலத்தூர் நாடு என்ற பகுதியில் அவருக்கு ஒரு சிறிய மிளகுத் தோட்டம் உண்டு. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகள் அந்த வருஷம் வேரழுகி ஒவ்வொன்றாக வாடிக்கொண்டிருந்தன. மகளின் நர்சிங் படிப்பு அந்த மிளகை நம்பித்தான் இருந்தது.

"ஏனுங்க சார், நம்ம தோட்டத்து மண்ணையும் ஒருக்கா பாருங்களேன்" என்று கேட்டார். போனேன். நான் எங்கெங்கோ தோண்ட, "இந்தக் கொடியோரமா ஒண்ணு எடுங்க சாமி" என்று ஓர் இடத்தைக் காட்டினார். எடுத்தேன். ஏன் என்று கேட்கவில்லை. அடுத்தவரிடம் காரணம் கேட்கிற பழக்கமே அப்போது எனக்குக் கிடையாது.

சில வாரங்கள் கழித்து மரபணுச் சோதனையின் முடிவு வந்தது. பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா காட்டிய அந்த ஒரே ஒரு கொடியின் மண்ணில், கடலோரச் சேற்றில் மட்டுமே நான் பார்த்திருந்த உப்பு விரும்பும் பாக்டீரியாக்கள்! கடல் எங்கே, அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து எழுபது வளைவு ஏறிவர வேண்டிய இந்த மலை எங்கே! மிச்சமிருந்த மண்ணை மறுபடி சோதனைக்கு அனுப்பினேன். மறுபடியும் அதே முடிவு. அப்புறம் தலைகால் புரியவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று மேலதிகாரிக்கு நாலு பக்கம் எழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை அக்கா வந்ததும் வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். "அக்கா, எங்க ஊரு சேத்துல இருக்கிற உயிரெல்லாம் உங்க தோட்டத்துல இருக்கு! உலகத்துல எவனும் பார்க்காத அதிசயம்!"

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"அப்ப மண்ணுக்குள்ள எறங்கிருச்சுங்களா?"

"எது?"

"உங்க பாட்டில் சேறுதானுங்க. அதுல அத்தன உசுரு இருக்குதுன்னீங்க. வேரழுகலத் தின்னுப்போடும்னு நெனச்சுப் பாதிய எடுத்து அந்த ஒத்தக் கொடிக்கு வெச்சேன். கேட்டா வெய்வீங்கன்னு, கொறஞ்ச எடத்துல எங்க ஊத்துச் சேத்த ரொப்பிட்டேன். என்ன ஆச்சுன்னு தெரியோணுமில்லீங்க, அதான் அங்க மண்ணெடுக்கச் சொன்னேன்."

பேயறைந்தவன்போல் பாட்டிலைப் பார்த்தேன். கீழ்ப்பாதி கறுப்பு, மேல்பாதி பழுப்பு. தினமும் அதைத்தான் கையில் தூக்கிக் காட்டிப் பெருமை பேசியிருக்கிறேன். அவமானம் கோபமாகப் பொத்துக்கொண்டு வந்தது. "யாரைக் கேட்டு எடுத்தீங்க? என் மானமே போச்சு!" என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "அது கெடக்கட்டுங்க. இருக்குது இருக்குதுங்கறீங்களே, உசுரோட இருக்குதுங்களா, செத்துக் கெடக்குதுங்களா?"

நான் செய்த சோதனை மரபணுவை மட்டும்தான் காட்டும். செத்த பாக்டீரியாவின் மரபணுவும் மண்ணில் கிடக்கும். எது உயிரோடிருக்கிறது, எது செத்தது என்று பிரித்துச் சொல்ல அந்தச் சோதனையால் முடியாது. நாலு பக்கம் எழுதியவன் இதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை.

"தெரியாதுக்கா" என்றேன்.

அவர் சாய்த்து வைத்த துடைப்பத்தைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"அந்தக் கொடி போன வாரமே பட்டுப்போச்சுங்க. சேத்துல இருந்ததெல்லாம் செத்திருந்தாத் தேவல. உசுரோட இருந்தா மத்த கொடிக்கும் போயிருமேன்னுதான் கேட்டேன். எதுக்கும் சாவாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"