ஞாயிற்றுக்கிழமை அரண்மனை

கடலூரிலிருந்து ஒரே நாளில் கோட்டை, அரண்மனை, கோயில், கடற்கரை நான்கையும் பார்த்துவிட்டுப் பொழுது சாய வீடு திரும்பலாம் என்று 1963-ஆம் வருஷம் சுப்புராயன் நோட்டீஸ் அடித்தார். ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார், அதற்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. கோட்டைக்குத் தேவனாம்பட்டினத்தில் வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன இடிந்த சுவர்கள் இருக்கின்றன. கோயிலுக்குச் சிதம்பரம். கடலுக்கு இந்த ஜில்லாவில் பஞ்சமே இல்லை. அரண்மனைதான் இல்லை. தஞ்சாவூரில் யாரோ அடித்திருந்த நோட்டீசைப் பார்த்து ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அச்சாபீசில் கொடுத்திருந்தார். அதில் அரண்மனை இருந்தது, இதிலும் வந்துவிட்டது. ஆயிரம் நோட்டீசையும் ஊரெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் மனுஷனுக்கு உறைத்தது.

"அரண்மனைக்கு எங்கய்யா போறது?" என்று புதிதாகச் சேர்ந்திருந்த கைடைக் கேட்டார்.

"பரங்கிப்பேட்டையில ஒண்ணு இருக்கு" என்றார் கைடு அப்துல் வதூது.

கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அது அவருடைய பெண்டாட்டி வீடு.

வதூதுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. பினாங்கில் ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். கப்பலில் வந்து இறங்கும் துரைசானிகளுக்குப் பட்டு காட்டிக் காட்டி இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். ஒரு துண்டுத் துணியைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார், துணி விற்றுவிடும். ஊர் திரும்பியதும் பரங்கிப்பேட்டையில் மனைவி ஷரீபாவின் வீட்டில் குடியிருந்தார். அவர்கள் குடும்பங்களில் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து தங்குவார், அவருக்கென்று ஒரு அறை ஒதுக்கி மரியாதையாக வைத்துக்கொள்வார்கள். ஷரீபாவின் வாப்பா அபுபக்கர் ரங்கூனில் தேக்கு வியாபாரம் செய்து கட்டிய வீடு அது. மாடி வைத்த வீடு, கலர் கண்ணாடி ஜன்னல், கூடத்தில் ஆளுயரத்துக்கு மேல் தேக்குத் தூண்கள். அரண்மனை என்று சொன்னால் நம்பாதவன் ரொம்பச் சூட்டிகையான ஆளாக இருக்க வேண்டும்.

அந்த வீட்டை விட்டு வதூது கோபித்துக்கொண்டு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். அவர் சிரிக்கவில்லை.

ஷரீபாவின் தங்கை ரசியாவுக்குக் கல்யாணம். அவர்கள் விருந்தில் நான்கைந்து பேர் ஒரு பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுக்கு சஹன் என்று பேர். மாமனார் உட்காரும் முதல் சஹனில் அவருக்கு வலது பக்கம் மூத்த மாப்பிள்ளை, இடது பக்கம் புது மாப்பிள்ளை. இதுதான் முறை. அன்றைக்குக் கூட்டம் ஜாஸ்தி. பரிமாறிக்கொண்டிருந்த யாரோ ஒரு ஆள், "நீங்க இங்க உக்காருங்க பாய்" என்று வதூதின் கையைப் பிடித்து மூன்றாவது சஹனில், சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்த்திவிட்டான். முதல் சஹனில் புது மாப்பிள்ளை ரஹ்மத்துல்லா மாமனாரோடு நெய்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வதூது எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது யாராவது கூப்பிடுவார்கள் என்று ரொம்ப மெதுவாகத்தான் மாட்டினார். எல்லாரும் சோற்றில் இருந்தார்கள். தலைவலி என்று மனுஷன் படுக்கப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை தானாகத் திரும்பி வந்தால் அவனுக்கு மரியாதை கிடையாது. பெண் வீட்டு ஆம்பிளை ஒருவர் போய், "வாங்க மாப்பிள்ளை" என்று கூப்பிட வேண்டும். அபுபக்கரோ, காரணம் சொல்லாமல் எழுந்து போனவரை நாமே போய்க் கூப்பிட்டால் தப்பு நம்முடையது என்று ஆகிவிடுமே என்று இருந்தார். வீட்டில் வேறு ஆண்பிள்ளை இல்லை. ரஹ்மத்துல்லா கல்யாணமான மறுமாதமே சிங்கப்பூருக்குக் கப்பலேறிவிட்டான். ஆக, மாமனார் வீட்டுக்குள்ளே உட்கார்ந்திருந்தார், மாப்பிள்ளை கடலூர் முதுநகரில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருமே நல்ல மனுஷர்கள். இரண்டு பேரையும் பிடித்து நாலு சாத்தலாம் போலிருக்கிறது, இல்லையா?

இப்படியாக ஞாயிற்றுக்கிழமைதோறும் வேன் கடலூரிலிருந்து கிளம்பி, கோட்டையைப் பார்த்து, சிதம்பரத்தில் சாப்பிட்டு, மதியத்துக்கு மேல் பரங்கிப்பேட்டை வந்து அந்த வீட்டுக்கு எதிரே பூவரச மரத்தடியில் நிற்கும். வதூது இறங்கி நின்று பத்து நிமிஷம் பேசுவார். ஒரு நவாபு தன் பிரியமான பேகத்துக்காகக் கட்டிய மாளிகை, உள்ளே நாற்பது தூண்கள், ராஜகுடும்பத்துப் பெண்கள் இன்னமும் கோஷாவில் இருப்பதால் ஆண்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. அந்தப் பத்து நிமிஷமும் அவர் கண் மாடி ஜன்னலில் இருக்கும். ஷரீபாவைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குத்தான் இத்தனை நவாபும் பேகமும். ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரியும். சைக்கிளை மெதுவாக்கிக் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை.

நவாபின் கதை வாரா வாரம் வளர்ந்தது. முதலில் நவாபு சண்டைக்குப் போனார். அடுத்த வருஷம் அற்ப விஷயத்துக்குக் கோபித்துக்கொண்டு போனார்.

"பாய், போன வருசம் சண்டைக்குப் போனாருன்னு சொன்னீங்க" என்றான் டிரைவர் லூர்துசாமி.

"ஆமா. சண்டைதான்" என்றார் வதூது.

1965 ஐப்பசி மழையில் அபுபக்கர் மௌத்தானார். செய்தி கேட்டு வதூது ஓடினார். வீட்டுக்குள் போகவில்லை. உடலைச் சுமந்து பள்ளிவாசலுக்கு வந்த சந்தாக்குக்குத் தோள் கொடுத்தார், கப்ரில் மூன்று பிடி மண் போட்டார், பிறகு கொட்டுகிற மழையில் பூவரச மரத்தடியில் வந்து நின்றார். யாராவது ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அழுதுகொண்டிருக்கிற வீட்டில் யாருக்கு முறை ஞாபகம் வரும்? பொழுது சாய்ந்ததும் கடலூர் பஸ் ஏறிவிட்டார். கூப்பிட வேண்டிய ஒரே ஆளும் போய்விட்டார், இனி எந்த ஜென்மத்திலும் அந்த வாசலை மிதிக்க வழியில்லை என்று பஸ்ஸில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

மறுவருஷம் மாசி மாதம் சுப்புராயன் கூப்பிட்டுச் சொன்னார்.

"இந்த ஞாயித்துக்கெழமையோட பரங்கிப்பேட்டைய நிறுத்திக்குவோம் பாய். அடுத்த வாரத்திலேருந்து பாண்டிச்சேரி. அங்க நெஜமாவே கவர்னர் மாளிகை இருக்கு."

வதூது தலையை ஆட்டினார். வேறென்ன சொல்வது? என் பெண்டாட்டியை எட்ட நின்றாவது பார்க்க எனக்கு இந்த வேன் வேண்டும் என்று முதலாளியிடம் சொல்ல முடியுமா? அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஜன்னலில் அவர் ஷரீபாவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அது இருக்கிறதே என்று ஒரு தெம்பு இருந்தது. அதுவும் போகப்போகிறது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை வேனில் பதினோரு பேர். முன்சீட்டில் மங்கலம் டீச்சர். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தை ஆட்டிவைத்துவிட்டு ரிட்டையரானவர். மடியில் நோட்டுப் புத்தகம், அதற்குள் சுப்புராயன் அடித்த நோட்டீஸ். தேவனாம்பட்டினத்தில் கோட்டைச் சுவரைப் பார்த்ததும் "கோட்டை" என்பதற்கு நேரே பென்சிலால் டிக் போட்டார். சிதம்பரத்தில் எல்லாரும் கோயிலுக்குள் போனபோது வதூது வழக்கம்போலக் கீழ வீதியில் நின்று செருப்புகளைப் பார்த்துக்கொண்டார். வெளியே வந்த டீச்சர் "கோயில்" என்பதற்கும் டிக் போட்டார். ஓட்டலில் சம்பா சாதமும் கொத்சுவும் சாப்பிட்டார்கள். வதூது காபி மட்டும் குடித்தார்.

மூன்று மணிக்கு வேன் பூவரச மரத்தடியில் நின்றது. வதூது பேசினார். அன்றைக்கு நவாபு ரொம்பவே கெட்டுப்போய்விட்டார். திரும்பி வரத் தெரியாமல் வேற்றூரில் கிடந்து வயசாகிப்போனார், பேகத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

டீச்சர் துடைத்துக்கொள்ளவில்லை. "சரி, உள்ள போலாமா?"

"உள்ள கோஷா டீச்சரம்மா. ஆம்பளைங்க போவக் கூடாது."

"நான் ஆம்பளையா?"

இந்தக் கேள்வியை இத்தனை நாளாக யாரும் கேட்டதில்லை.

"நோட்டீஸ்ல அரண்மனைன்னு போட்டிருக்கு. அரண்மனை வாசல்னு போடல" என்று சொல்லிவிட்டு டீச்சர் விடுவிடுவென்று தெருவைக் கடந்து கதவைத் தட்டினார். கதவு திறந்தது. டீச்சரும் பின்னாலேயே நான்கு பெண்களும் உள்ளே போனார்கள்.

வதூது மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். லூர்துசாமி தண்ணீர்ச் செம்பை நீட்டினான். குடித்ததில் பாதி சட்டையில் போனது. கால்மணி நேரம் கழித்து டீச்சர் வாசற்படியில் வந்து நின்று கூப்பிட்டார்.

"பாய்! உள்ள ஒரு அம்மா இருக்காங்க. அரண்மனையச் சுத்திக்காட்ட அவுங்களுக்குத் தெரியாதாம். கைட வரச்சொல்றாங்க."

"யாரை வரச்சொன்னாங்க?"

"கைடத்தான். இங்க எத்தினி கைடு இருக்காங்க?"

வதூது யோசித்தார். மாப்பிள்ளையைக் கூப்பிடுவது என்றால் அதற்கு முறை இருக்கிறது, ஆள் இருக்கிறது. கைடை யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். எவ்வளவு யோசித்தும் கைடுக்கு என்று தனியாக ஒரு மானம் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. செருப்பைக் கழற்றினார். பிஸ்மி சொல்லி வலது காலை எடுத்து வைத்தார்.

உள்ளே ஷரீபா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். திரைக்குக் கீழே பாதம் மட்டும் தெரிந்தது. வதூது அந்தப் பக்கம் பார்க்காமல், "இது தர்பார் மண்டபம்" என்று ஆரம்பித்தார்.

டீச்சர் விரல் விட்டு எண்ணினார். "பன்னெண்டு தூணுதான் இருக்கு. நாப்பதுன்னீங்க?"

"வெளியிலேருந்து பாத்தா ஜாஸ்தியாத் தெரியும்."

அடுத்து ஒரு அறை. கதவைத் தள்ளிய வதூது அப்படியே நின்றுவிட்டார். கட்டிலில் கஞ்சி போட்டுச் சலவை செய்த விரிப்பு, இரண்டு தலையணை. மூலையில் அவருடைய பினாங்குப் பெட்டி. பெட்டி மேல் தூசு இல்லை.

"இது யாரு ரூமு?" என்றார் டீச்சர்.

"இது வந்து... நவாபு..."

"பொய்யி போதும் மச்சான்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து குரல்.

பெண்கள் எல்லாரும் திரும்பி வதூதைப் பார்த்தார்கள். முப்பது வருஷம் பிள்ளைகள் சொன்ன பொய்யையே கேட்டுக்கொண்டிருந்த மங்கலம் டீச்சருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. நோட்டீசை எடுத்தார். "அரண்மனை" என்பதற்கு நேரே நிதானமாக டிக் போட்டார். "வாங்கடி, பீச்சுக்குப் போவோம்" என்றார்.

"கைடு வரலியாக்கா?" என்றாள் ஒருத்தி.

"கடலுக்கு எதுக்குடி கைடு? அது என்ன ஒளிஞ்சா கெடக்குது?"

வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. ஷரீபா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். நெற்றியோரம் முடி வெளுத்திருந்தது. வதூது கட்டில் விளிம்பைத் தடவிக்கொண்டே, "யாரும் கூப்பிடலியே ஷரீபா" என்றார்.

"கூப்பிடல. வாப்பா மய்யித்தாக் கெடந்தப்பகூட வாசல்ல வந்து நின்னுட்டுப் போனீங்களே, நீங்கள்லாம் ஒரு மனுசனா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "ஞாயித்துக்கெழமை வந்தா கட்டில ரேழியில கதவோரமா இழுத்துப் போடச் சொல்லுவாரு வாப்பா. நீங்க பேசுறதப் பூராவும் கேப்பாரு. மாப்பிள்ள என்னமாப் பேசுறாரு பாத்தியான்னு எங்கிட்ட பெருமையாச் சொல்லுவாரு. பேசி முடிச்சிட்டு இன்னிக்கி உள்ள வந்துருவாரு, ஒரு ஆளுச் சோறு சேத்து வடின்னுவாரு. வாராவாரம் வடிச்சேன். வேன் போற சத்தம் கேட்டதும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு."

வதூது கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அந்தச் சோத்த என்ன பண்ணின?" என்று கேட்டார். அவருக்கே ஏன் கேட்டோம் என்று தெரியவில்லை.

"தண்ணி ஊத்தி வெச்சி திங்கக்கெழம நாந்தான் தின்னேன். வாப்பா மௌத்தாப் போன பொறவும் வடிக்கிறத நிறுத்தல."

அவர் முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு அழுதார். ஷரீபா தடுக்கவில்லை. அவள் தேம்புவதும் அவருக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அழுது முடிச்சிட்டுச் சாப்பிட வாங்க மச்சான். இன்னிக்கும் வடிச்சிருக்கேன். நாளைக்கும் பழைய சோறு திங்க என்னால ஆவாது."